வீட்டை அடமானம் வைத்த பிரின்சிபால்... ஒலிம்பிக் பதக்கத்தோடு திரும்பிய மாணவன்! - குஸ்தி வீரர் கே.டி.ஜாதவின் கதை

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரகடம் ஜங்ஷனில் நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் பசங்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன். போனில் ஓடுவது பெரும்பாலும் யு.எஃப்.சி சண்டை. அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடப்பது நமக்கு ஞாயிறு காலையில்தானே வரும்? தூக்கம் சொக்கினாலும் மெயின் ஈவென்ட்டைப் பார்க்காமல் ரூமுக்குப் போக மாட்டார்கள்.

அந்தக் கூண்டுக்குள் ஒருத்தர் இன்னொருத்தரின் காலை வாரிக் கீழே தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு எழவே விடாமல் அமுக்குவார் பாருங்கள்... அது பாக்ஸிங்கும் இல்லை, கராத்தேவும் இல்லை. சாட்சாத் குஸ்தி. அதிலும் முக்கால்வாசி, காலேஜில் கற்றுக்கொண்ட குஸ்தி. டேனியல் கார்மியர், கமாரு உஸ்மான் எல்லாம் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் இருந்து வந்தவர்கள். அவ்வளவு ஏன், நாம் சின்ன வயசில் டபிள்யூ.டபிள்யூ.இ கார்டு விளையாடும்போது யார் கையில் இருந்தாலும் பொறாமைப்பட்ட பிராக் லெஸ்னர், 2000-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காக ஹெவிவெயிட் பிரிவில் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன். கர்ட் ஆங்கிள் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நிஜமாகவே தங்கம் வாங்கியவர். அவரும் காலேஜ் சாம்பியன்தான். டி.வி-யில் நாம் பார்த்தது டிராமா என்றாலும், அதற்குப் பின்னால் இருந்த உடம்பு அசல்.

சரி, நம்ம ஊரில் காலேஜ் குஸ்தியில் இருந்து ஒலிம்பிக் பதக்கம் வரை போனவர் யாராவது இருக்கிறாரா? இருக்கிறார். அவர் பதக்கம் வாங்கியபோது பிராக் லெஸ்னர் பிறக்கக்கூட இல்லை. பெயர், கஷாபா தாதாசாகேப் ஜாதவ். சுருக்கமாக கே.டி.ஜாதவ். சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் கிடைத்த முதல் தனிநபர் பதக்கம் இவருடையது.

மல்யுத்தம் நமக்கு அந்நியம் இல்லை. ஒரகடத்தில் இருந்து தாம்பரம் பக்கம் போகிற வழியில் படப்பை, அதற்குப் பக்கத்தில் மணிமங்கலம். 7-ம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய இரண்டாம் புலிகேசியின் படையை எதிர்த்து நின்று ஜெயித்த ஊர்களில் ஒன்று. அந்த நரசிம்மவர்மனின் பட்டப்பெயர் மாமல்லன். பெரிய மல்லன் என்று அர்த்தம். மாமல்லபுரத்துக்குப் பெயர் வந்ததும் அதில் இருந்துதான். ஒரு ராஜா, எத்தனையோ பட்டங்களுக்கு நடுவில் பயில்வான் என்கிற பட்டத்தையும் சுமந்திருக்கிறான் என்றால், அந்தக் காலத்தில் அதற்கு என்ன மரியாதை இருந்திருக்கும்! இப்போதும் ஒருத்தர் எலெக்‌ஷனில் நின்றால் கோதாவில் குதித்தார் என்றுதான் பேப்பரில் எழுதுகிறோம். கோதா என்பது குஸ்தி போடும் மண் களம். வார்த்தை தங்கிவிட்டது, களத்தைத்தான் காணோம்.

ஆனால், மகாராஷ்டிராவில் களமும் அப்படியே இருந்தது.

சின்ன ஊர், சின்ன உடம்பு

சதாரா மாவட்டம், கராட் பக்கத்தில் கோலேஷ்வர் என்றொரு கிராமம். 1926 ஜனவரி 15-ல் அங்கே பிறந்தார் கஷாபா. ஐந்து மகன்களில் கடைக்குட்டி. அப்பா தாதாசாகேப் ஊரறிந்த பயில்வான். வீட்டில் மற்ற பிள்ளைகள் நடை பழகுகிற வயதில் இவர் மண்ணில் புரண்டு பழகினார் என்று சொல்லலாம். ஐந்து வயதிலேயே அப்பா குஸ்தி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

கராட்டில் திலக் ஹைஸ்கூலில் படித்தார். அது வெள்ளையனே வெளியேறு போராட்டக் காலம். தலைமறைவாக இருந்த போராட்டக்காரர்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுப்பது, தகவல் கொண்டுபோவது என்று ஸ்கூல் பையன் ஜாதவும் அதில் இறங்கியிருக்கிறார். 1947-ல் ஸ்கூல் முடிகிறது, நாட்டுக்குச் சுதந்திரமும் வருகிறது. அடுத்து கோலாப்பூர். ராஜாராம் காலேஜ்.

கோலாப்பூர் என்றால் நமக்குச் செருப்பு ஞாபகம் வரும், காரக் குழம்பு ஞாபகம் வரும். மராட்டியர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது குஸ்தி. அங்கே தாலிம் என்று சொல்வார்கள், தெருவுக்குத் தெரு குஸ்திக்கூடம். நம் பக்கத்தில் பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை இருந்த மாதிரி. காலையில் நாலு மணிக்கே எழுந்து, கோவணத்தைக் கட்டிக்கொண்டு, செம்மண் குழியில் இறங்குவார்கள். அந்த மண் சும்மா தோண்டிப்போட்ட மண் இல்லை. மோர், எண்ணெய், மஞ்சள், எலுமிச்சை எல்லாம் கலந்து பதப்படுத்தியது. 1912-ல் சாஹு மகாராஜா கட்டிய காஸ்பாக் மைதானம் இன்றைக்கும் அங்கே இருக்கிறது. நடுவில் மண் குழி, சுற்றிலும் ஜனம்.

இப்படிப்பட்ட ஊரில் உள்ள காலேஜின் வருடாந்திர ஸ்போர்ட்ஸ் டேயில் குஸ்திக்குப் பெயர் கொடுக்கப் போகிறார் ஜாதவ். விளையாட்டு ஆசிரியர் ஏற இறங்கப் பார்க்கிறார். ஆள் குள்ளம், ஒல்லி. அடிபட்டுவிடும் என்று சேர்க்க மறுத்துவிட்டார். நம்ம ஆள் நேராக பிரின்சிபாலிடம் போய்விட்டார். அவர் அனுமதி கொடுத்தார். போட்டி நடந்தது. தன்னைவிடப் பெரிய, தன்னைவிட அனுபவசாலிகளை வரிசையாகச் சாய்த்துவிட்டு வந்து நின்றார் ஜாதவ். பின்னாளில் அவருக்கு பாக்கெட் டைனமோ என்று செல்லப்பெயர் வந்தது. உருவம் சின்னதாக இருந்தாலும் கரன்ட் உற்பத்தியாகும் என்பது ஆட்டோமொபைல் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அவருடைய ஸ்பெஷாலிட்டி, டாக் என்கிற பிடி. எதிராளியின் தலையைக் கையிடுக்கில் இறுக்கிப் பிடித்து, தன் இடுப்பை உள்ளே நுழைத்து, அப்படியே சுழற்றித் தரையில் வீசுவது. ஜூடோவில் இடுப்பை வைத்துத் தூக்கிப்போடும் வீச்சுகளைப் பார்த்திருந்தால் உடனே புரியும். யு.எஃப்.சி-யிலும் அப்பப்போ ஒருத்தர் இப்படி வீசுவார், கமென்ட்டரி பாக்ஸே எழுந்து கத்தும்.

மண் வேற, மேட் வேற

1948 லண்டன் ஒலிம்பிக். கோலாப்பூர் மகாராஜா செலவை ஏற்றுக்கொள்ள, 22 வயது ஜாதவ் லண்டன் போனார். அங்கேதான் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. மண்ணே இல்லை! மேட். அதுவரை அவர் பழகியது எல்லாம் செம்மண்ணில்தான்.

இது ஏதோ தரை மாறிய சமாசாரம் மட்டும் இல்லை. ஆட்டமே வேறு. நம்ம ஊர்க் குஸ்தியில் எதிராளியை மல்லாக்கத் தள்ளி, முதுகை மண்ணில் படவைத்தால் ஜெயிப்பு. பாயின்ட் கிடையாது. பழைய முறையில் டைம்கூடக் கிடையாது, யாராவது ஒருத்தர் விழுகிற வரை மல்லுக்கட்டுதான். மண்ணில் கால் புதையும், வேகம் குறையும், உடம்பில் மண் ஒட்டுவதால் பிடி நழுவாது. பொறுமையும் மூச்சும் இருக்கிறவன் ராஜா. மேட்டிலோ எல்லாமே வேகம். வழுக்கும் வியர்வை. கண் இமைப்பதற்குள் காலைப் பிடித்து வாரிவிடுவார்கள். அங்கே பின் விழவில்லை என்றால் நடுவர்கள் யார் நன்றாக ஆடினார் என்று பார்த்துத் தீர்ப்பு சொல்வார்கள். ஃப்ரீஸ்டைல் என்று பெயர். ஆனால் அதற்கும் ஆயிரத்தெட்டு விதி. கிரேக்க-ரோமன் என்று இன்னொரு வகை உண்டு. அதில் இடுப்புக்குக் கீழே கை வைக்கவே கூடாது.

இந்திய அணிக்கு அப்போது பயிற்சி கொடுத்தவர் ரீஸ் கார்ட்னர், அமெரிக்காவின் முன்னாள் லைட்வெயிட் சாம்பியன். மேட் என்றால் என்ன, விதி என்றால் என்ன என்று ஜாதவ் கற்றுக்கொண்டதே அவரிடம்தான். போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்பு பாடம், உடனே பரீட்சை. ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஹாரிஸைச் சில நிமிடங்களில் மடக்கினார். அமெரிக்காவின் பில்லி ஜெர்னிகனையும் ஜெயித்தார். அமெரிக்க மல்யுத்த அணி என்றாலே பெரும்பாலும் காலேஜ்களில் வருடக்கணக்கில் மேட்டில் பழகி வருபவர்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரரை, மேட்டுக்குப் புதுசான ஒருத்தர் ஜெயித்தது சாதாரண விஷயமா? இரானின் மன்சூர் ரயீசியிடம் தோற்று வெளியேறினார். ஃப்ளைவெயிட் பிரிவில் ஆறாவது இடம்.

இங்கே ஒரு நிமிஷம், அமெரிக்கக் காலேஜ் குஸ்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஃப்ரீஸ்டைலும் இல்லை, அவர்களுக்கென்று தனி ஆட்டம். மூன்று நிமிடம், இரண்டு, இரண்டு என மொத்தம் ஏழு நிமிடம். ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைலில் கீழே விழுந்தவர் குப்புறக் கவிழ்ந்து இறுக்கிப் படுத்துக்கொண்டு, மேலே இருப்பவரால் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் நடுவர் எழுப்பி நிற்கவைத்துவிடுவார். காலேஜ் குஸ்தியில் அந்தக் கருணை கிடையாது. மேலே இருப்பவர் எவ்வளவு நேரம் அமுக்கிவைத்திருக்கிறாரோ அதைக் கடிகாரத்தில் கணக்குப் போடுவார்கள். எதிராளியைவிட ஒரு நிமிடம் அதிகமாக அடக்கி வைத்திருந்தால் அதற்கே ஒரு பாயின்ட். கீழே இருப்பவர் திமிறி எழுந்து தப்பித்தால் அவருக்கு ஒரு பாயின்ட்.

யு.எஃப்.சி-யில் காலேஜ் குஸ்திக்காரர்கள் ஆதிக்கம் செலுத்த இதுதான் காரணம் என்பது என் கணக்கு. பாக்ஸருக்கு நின்றால்தான் சண்டை. அவரைத் தரையில் படுக்கவைத்துவிட்டால் பாதி பலம் போச்சு. ஜூடோக்காரருக்குப் பிடிக்க எதிராளியின் சட்டை வேண்டும். கூண்டுக்குள் ஏது சட்டை? இன்றைய ஜூடோவில் காலைப் பிடித்து வாரவும் தடை. காலேஜ் குஸ்திக்காரருக்கோ நிற்பவரைத் தள்ளவும் தெரியும், தள்ளிய பிறகு அமுக்கவும் தெரியும், தான் கீழே இருந்தால் எழுந்து ஓடவும் தெரியும். சண்டை நின்றுகொண்டு நடக்குமா, படுத்துக்கொண்டு நடக்குமா என்று முடிவெடுக்கிற உரிமை அவர் கையில். குத்தவும் உதைக்கவும் பிறகு கற்றுக்கொள்ளலாம். கபடி ஆடியவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். ரெய்டரின் கணுக்காலைப் பிடிப்பதும், தொடையைக் கட்டித் தூக்குவதும் அதே குடும்பத்து வித்தைதான்.

மெட்ராஸில் போன ஒரு பாயின்ட்

லண்டனில் இருந்து திரும்பிய ஜாதவ் நாலு வருடம் வெறி பிடித்த மாதிரி பயிற்சி எடுத்தார். இப்போது 57 கிலோ, பேன்டம்வெயிட் பிரிவு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு முன் தேசியப் போட்டி நம்ம மெட்ராஸில் நடந்தது. அதில் கல்கத்தாவின் நிரஞ்சன் தாஸைவிட ஒரே ஒரு பாயின்ட் குறைவு என்று சொல்லி இவரை ஓரங்கட்டிவிட்டார்கள். வேண்டுமென்றே பாயின்ட்டைக் குறைத்துவிட்டார்கள் என்பது ஜாதவின் குற்றச்சாட்டு. கடைசிவரை அதை அவர் மாற்றிச் சொல்லவே இல்லை.

இன்றைக்கு என்றால் ட்விட்டரில் ஹேஷ்டேக் போடலாம். அன்றைக்கு அவருக்கு இருந்த ஒரே வழி, பாட்டியாலா மகாராஜாவிடம் முறையிடுவது. மகாராஜாவுக்கு விளையாட்டில் ஆர்வம் உண்டு, செல்வாக்கும் உண்டு. இரண்டு பேரையும் மறுபடி மோதவிட ஏற்பாடு செய்தார். ஜாதவ் சில நொடிகளில் தாஸைச் சாய்த்தார். இதற்கு எந்த நடுவரும் பாயின்ட் எண்ண வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

டீமில் இடம் கிடைத்துவிட்டது. ஃபின்லாந்து போகப் பணம்?

கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. அப்போதைய பம்பாய் மாகாண முதல்வர் மொரார்ஜி தேசாயிடம் உதவி கேட்டிருக்கிறார்கள். போட்டியெல்லாம் முடிந்த பிறகு வந்து பார்க்கச் சொல்லிவிட்டார். பிறகு விடாமல் கேட்டதில் அரசாங்கம் 4,000 ரூபாய் கொடுத்தது. கோலேஷ்வர் ஜனங்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள். பணமாகத்தான் என்று இல்லை, அரிசி, மாவு என்று பொருளாகவும் வந்தது. ஜாதவ் வீதி வீதியாகக் கையேந்தினார். அப்போதும் போதவில்லை. ராஜாராம் காலேஜின் பிரின்சிபால் கர்டிகர் தன் வீட்டை பேங்க்கில் அடமானம் வைத்து 7,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தார்.

ஏழாயிரமா, ஒரு போன்கூட வராதே என்று தோன்றலாம். அன்றைக்கு 10 கிராம் தங்கம் 100 ரூபாய்க்கும் கீழே. அந்தப் பணத்தில் 80 சவரனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். நம்மில் எத்தனை பேர் ஒரு சென்ட் இடத்தின் பத்திரத்தை வைத்து லோன் போட வீட்டில் எத்தனை தடவை பேசியிருப்போம்? ஒரு வாத்தியார், தன் பிள்ளைகூட இல்லாத ஒரு மாணவனுக்காக, தோற்றுப்போகவே அதிக வாய்ப்புள்ள ஒரு பயணத்துக்காக, குடியிருக்கிற வீட்டையே வைத்தார். அவர் வீட்டில் அன்றைக்கு ராத்திரி என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஹெல்சிங்கி

கனடாவின் ஏட்ரியன் போலிகின், மெக்ஸிகோவின் லியோனார்டோ பசுர்டோ, ஜெர்மனியின் ஃபெர்டினண்ட் ஷ்மிட்ஸ். மூன்று பேரும் ஜாதவிடம் விழுந்தார்கள். அடுத்து வந்தவர் ஜப்பானின் ஷொஹாச்சி இஷி.

இந்த இஷி சுவாரஸ்யமான ஆள். அடிப்படையில் ஜூடோக்காரர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் தோற்று, அமெரிக்கப் படை அங்கே ஆட்சி நடத்தியபோது தற்காப்புக் கலைகளுக்குத் தடை போட்டார்கள். ஜூடோவுக்கு வழி அடைந்ததும் இஷி மல்யுத்தத்துக்குத் தாவினார். யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம், செம்மண் குஸ்தியில் இருந்து மேட்டுக்கு வந்தவர். இன்னொரு பக்கம், ஜூடோவில் இருந்து அதே மேட்டுக்கு வந்தவர். எந்த ஆட்டம் பெரிசு என்று இப்போது கமென்ட்டில் அடித்துக்கொள்கிறோமே, அந்தச் சண்டை 1952-லேயே நேருக்கு நேர் நடந்துவிட்டது. ஜாதவின் இடுப்பு வீச்சை ஜூடோக்காரர் ஒருத்தர் முன்கூட்டியே மோப்பம் பிடித்திருப்பார் என்பது என் ஊகம். நீண்ட நேரம் நீடித்த அந்தக் கடுமையான மோதலில் இஷி ஜெயித்தார்.

மூச்சு வாங்க நின்றவரை, உடனே அடுத்த போட்டிக்குக் கூப்பிட்டார்கள். எதிரே சோவியத் யூனியனின் ரஷித் மமத்பெயோவ். இரண்டு போட்டிகளுக்கு நடுவில் அரை மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்லி வாதாட இந்திய அதிகாரி ஒருத்தர்கூட அந்த இடத்தில் இல்லை. ஜாதவுக்கோ அங்கே யாரிடம் என்ன பாஷையில் கேட்பது என்றே தெரியாத நிலைமை. களைத்த உடம்போடு இறங்கினார். தோற்றார். அந்த அரை மணி நேரம் கிடைத்திருந்தால் பதக்கத்தின் நிறம் மாறியிருக்குமா என்று மகாராஷ்டிராவில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

இஷிக்குத் தங்கம். அந்த ஒலிம்பிக்கில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான். மமத்பெயோவுக்கு வெள்ளி. ஜாதவுக்கு வெண்கலம். தேதி, 1952 ஜூலை 23. மறுநாளே இந்திய ஹாக்கி அணி ஃபைனலில் நெதர்லாந்தை 6-1 என்று துவைத்துத் தங்கம் வாங்கியது, பல்பீர் சிங் மட்டும் ஐந்து கோல். நாடு எதைக் கொண்டாடியிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? அதே ஹெல்சிங்கியில் கோலாப்பூரின் இன்னொரு பயில்வான் கேஷவ் மங்காவே தன் பிரிவில் நாலாவது இடம் பிடித்தார். அந்தப் பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

டெல்லி எப்படியோ, ஊர் மறக்கவில்லை. கராட் ரயில் நிலையத்தில் ஜாதவ் வந்து இறங்கியபோது 151 மாட்டு வண்டிகள் அலங்காரத்தோடு நின்றன. மேளதாளம், பட்டாசு. சாதாரணமாகக் கால் மணி நேரத்தில் போய்விடும் தூரத்தை அன்றைக்கு ஊர்வலம் கடக்க ஏழு மணி நேரம் ஆனது என்பார்கள்.

ஊர்வலம் முடிந்ததும் அவர் செய்த முதல் வேலை, குஸ்திப் போட்டிகள் நடத்தியது. அதில் தானே இறங்கி ஆடி, வந்த பணத்தைக் கொண்டு போய் பிரின்சிபாலின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

காக்கிச் சட்டை

1955-ல் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர் வேலை. இன்றைக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கினால் கோடிக்கணக்கில் பரிசு, உயர் பதவி, விளம்பரம். ஜாதவுக்கு அதெல்லாம் இல்லை. அடுத்த ஒலிம்பிக்குக்கு, 1956 மெல்போர்னுக்குத் தயாரானபோது முழங்காலில் பலமான அடி. அதோடு ஒலிம்பிக் கனவு முடிந்தது. போலீஸ் துறைக்குள் போட்டிகளில் ஜெயித்தார், பிறருக்குப் பயிற்சி கொடுத்தார். 27 வருட சர்வீஸ். பதவி உயர்வோ ஆமை வேகம். நீண்ட காலம் சப்-இன்ஸ்பெக்டராகவே இருந்து, ஓய்வுக்குக் கொஞ்ச காலம் முன்புதான் உதவி கமிஷனர் ஆனார். ஓய்வுக்குப் பிறகு பென்ஷனுக்காகவும் அலைந்தார். எதிராளி கையில் சிக்கினால் நொடியில் சாய்க்கலாம். ஃபைலை எப்படிச் சாய்ப்பது?

1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டு நடந்தபோது ஜோதி ஏந்தி ஓடியவர்களில் ஒருவராக அவரைச் சேர்த்தார்கள். அவர் உயிரோடு இருந்தவரை தேசிய அளவில் கிடைத்த பெரிய மரியாதை என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

1984 ஆகஸ்ட் 14. சுதந்திர தினத்துக்கு முதல் நாள். சாலை விபத்தில் இறந்துபோனார் கே.டி.ஜாதவ். வயது 58.

விருதுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வரிசையாக வந்தன. மகாராஷ்டிர அரசின் சிவ் சத்ரபதி விருது, இந்திய அரசின் அர்ஜுனா விருது. 2010-ல் டெல்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தபோது, மல்யுத்தம் நடந்த அரங்கத்துக்கு அவர் பெயர். அவருக்கு அடுத்து ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் வாங்க இந்தியாவுக்கு 44 வருடம் ஆனது. 1996-ல் டென்னிஸில் லியாண்டர் பயஸ். மல்யுத்தத்தில் என்றால் 56 வருடம்; 2008-ல் சுஷில் குமார். அதற்குப் பிறகு யோகேஷ்வர், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங், ரவி தாஹியா என்று வண்டி வேகமெடுத்தது. 2024 பாரிஸில் அமன் ஷெராவத் வாங்கியது ஜாதவின் அதே 57 கிலோ பிரிவில், அதே வெண்கலம். அந்தப் போட்டிக்கு முன் எடையைச் சரிகட்ட ஒரே இரவில் சுமார் நாலரை கிலோவைக் குறைக்க வேண்டியிருந்தது. அவரைச் சுற்றி ராத்திரி முழுக்கக் கண் விழித்து வேலை பார்க்கக் கோச்சுகள் இருந்தார்கள். 72 வருடத்தில் மாறிய விஷயம் இது.

மாறாத விஷயமும் உண்டு. கோலேஷ்வரில் ஜாதவ் பெயரில் ஒரு மல்யுத்த அகாடமி வரும் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. வருடங்கள் ஓடின, கட்டடம் எழும்பவில்லை. பொறுத்துப் பார்த்த குடும்பம், 2017-ல், அந்த வெண்கலப் பதக்கத்தையே ஏலம் விட்டு அகாடமி கட்டப் போகிறோம் என்று அறிவித்தது. வீட்டை அடமானம் வைத்து வாங்கப்பட்ட பதக்கம் ஏலத்துக்கு வரும் நிலைமை! செய்தி நாடு முழுக்கப் பரவிய பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள்.

2023 ஜனவரி 15 அவருடைய 97-வது பிறந்தநாள். கூகுள் தன் முகப்பில் ஜாதவின் படத்தை டூடுலாகப் போட்டது. இந்தியாவில் பல லட்சம் பேர் அந்தப் பெயரை முதல்முறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் அந்த லிஸ்ட்டில் ஒருத்தி. நமக்கு அன்றைக்குத் தைப்பொங்கல். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ரூம்களை எல்லாம் பூட்டிவிட்டு, திருவண்ணாமலைக்கும் விழுப்புரத்துக்கும் மதுரைக்கும் பஸ் பிடித்துப் போயிருந்த பசங்க, ஊரில் போனைத் திறந்தபோது சர்ச் பாக்ஸுக்கு மேலே அந்தக் குள்ளமான பயில்வான் நின்றுகொண்டிருந்தார்.